ஞானஸ்நானம் எடுக்காமல் நான் கிறிஸ்தவளா? ஒரு தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பெண். இந்துக் குடும்பம். நான்கு வருஷமாகத் தோழியோடு ஆலயத்துக்குப் போகிறார், வேதம் வாசிக்கிறார், ஜெபிக்கிறார். அம்மா மனசு உடைந்துபோவார் என்ற பயத்தில் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. போன மாதம் திருவிருந்துக்கு எல்லோரோடும் போய் முழங்கால் போட்டிருக்கிறார். "ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" என்று கேட்டு, இல்லை என்றதும் அப்பம் கொடுக்காமல் அடுத்தவரிடம் போய்விட்டார்கள். "விசுவாசம் மனசில் இருக்கிறது. அப்புறம் தண்ணீர் எதற்கு? நான் கிறிஸ்தவளா, இல்லையா?" என்பது கேள்வி. கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அந்தத் தோழி குழந்தையில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர். இப்போது அவர் போகும் பெந்தெகொஸ்தே சபையில் "அது செல்லாது, முழுக்கு எடு" என்கிறார்களாம். அது சரியா?

தங்கச்சி, நான் குருவானவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இருபது வருஷத்துக்கு மேலாக ஞானஸ்நான ஆயத்த வகுப்பு எடுக்கிறவன். உங்கள் கேள்வியை வாசித்ததும் அந்த முழங்கால் போட்ட இடம்தான் கண்ணில் நின்றது. கையை நீட்டி வைத்திருக்கும்போது தட்டு தாண்டிப் போவது சாதாரண வலி இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவர்கள் கடைப்பிடித்தது பழைய ஒழுங்கு. 'திதகே' என்று ஒரு மிகப் பழைய சபை ஒழுங்கு இருக்கிறது. அப்போஸ்தலர் காலத்தை அடுத்து எழுந்தது. கர்த்தருடைய நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் இந்தப் பந்தியில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம் என்று அதிலேயே வந்துவிடுகிறது. ஆதி சபையில் ஆயத்த வகுப்பில் இருப்பவர்கள் வேதவாசிப்பையும் பிரசங்கத்தையும் கேட்டுவிட்டு, திருவிருந்து தொடங்கும் முன் வெளியே போய்விடுவார்கள். அதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை. அவர்களுக்கென்று ஒரு நாள் வைத்திருந்தார்கள், அந்த நாளை நோக்கி எல்லோரும் சேர்ந்து காத்திருந்தார்கள். உங்கள் விஷயத்தில் ஒழுங்கு மட்டும் இருந்தது, காத்திருக்க யாரும் இல்லை. நான்கு வருஷமாக வாராவாரம் வந்து உட்காரும் ஒரு பெண்ணிடம் "உனக்கு என்னம்மா தோணுது? எதுக்காகத் தயங்குற?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றால் தவறு உங்களுடையது இல்லை. கொடுக்காமல் போனவர் அந்த இடத்தில் உங்கள் தலையில் கைவைத்து ஒரு ஆசீர்வாதமாவது சொல்லியிருக்கலாம். பல சபைகளில் அப்படிச் செய்கிறார்கள்.

சரி, தண்ணீர் எதற்கு?

என் வகுப்பில் இந்தக் கேள்விக்கு நான் முதலில் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான்: தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ள முடியாது. ஜெபம் தனியாகச் செய்யலாம். வேதத்தைத் தனியாக வாசிக்கலாம். உபவாசம் இருப்பது பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியவேண்டாம். ஞானஸ்நானத்துக்கு மட்டும் இன்னொரு மனுஷருடைய கை வேண்டும். 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் போதகர், சரியான ஞானஸ்நானம் தரத் தகுதியான சபை எங்குமே இல்லை என்று எண்ணித் தன் தலையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பிறகு கூட இருந்தவர்களுக்கும் கொடுத்தார். கொஞ்ச காலத்திலேயே அது தவறு என்று அவருக்கே பட்டுவிட்டது. வளர்ந்தவர்களுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் மெனோனைட்டுகள் என்ற சபையார் அங்கே இருந்தார்கள், அவர்களிடம் தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்.

பவுலுக்கு நடந்ததைப் பாருங்கள். அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம். தமஸ்குவுக்குப் போகிற வழியில் இயேசுவே நேரில் பேசுகிறார். அதைவிடப் பெரிய அனுபவம் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அதோடு முடியவில்லை. கண் தெரியாமல் மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர் இல்லாமல் கிடக்கிறார். அனனியா என்கிற ஒருவர் வரவேண்டியிருக்கிறது. அனனியாவுக்குப் பவுல் என்றால் பயம். தன்னைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போக வந்தவன் வீட்டுக்குள் நுழைந்து, அவன்மேல் கைவைத்து, அவர் சொல்லும் முதல் வார்த்தை "சகோதரனாகிய சவுலே". அதற்குப் பிறகுதான் பார்வை, ஞானஸ்நானம், அப்புறம் சாப்பாடு. கிறிஸ்துவைத் தனியாகச் சந்தித்த பவுலே, சபைக்குள் வந்தது இன்னொருவர் வாயிலிருந்து "சகோதரன்" என்ற சொல்லைக் கேட்டுத்தான். ஞானஸ்நானத்தின் பொருள் என்ன என்று கேட்டால் எனக்கு இந்த இடத்தைவிட நல்ல பதில் தெரியாது. நீங்கள் கடவுளை ஏற்றுக்கொண்டதைக் காட்டும் சடங்கு என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதில் பாதிதான் இருக்கிறது. உங்களை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் மற்றப் பாதி. அதை வெளியே இருந்து கொடுத்தால்தான் உண்டு.

அப்படியென்றால் தண்ணீர் இல்லாமல் தேவன் ஏற்றுக்கொள்ள மாட்டாரா? ஏற்றுக்கொள்வார். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? 392இல் இரண்டாம் வாலண்டினியன் என்ற இளம் ரோமப் பேரரசன், ஞானஸ்நானம் கேட்டு அம்புரோஸ் ஆயருக்கு ஆள் அனுப்பிவிட்டு, அது நடக்கும் முன் இறந்துபோனான். அவனுடைய சகோதரிகள் கலங்கினார்கள். கேட்டவனுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது என்று அடக்கத்தில் அம்புரோஸ் ஆறுதல் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் அதை விருப்பத் திருமுழுக்கு என்கிறது. ஆகவே உங்கள் நான்கு வருஷ ஜெபத்தைக் கணக்கில் சேர்க்காத கடவுள் என்று பயப்படாதீர்கள். சொந்தம் என்பது மனசுக்குள் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

"கிறிஸ்துவுக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனைபேரோ, அத்தனைபேரும் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்களே" என்று கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். தரிப்பது என்றால் உடுத்துவது. ஆதி சபையில் ஈஸ்டருக்கு முந்தின இரவு, பழைய உடையைக் களைந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குவார்கள். ஏறி வந்ததும் வெள்ளை உடை போடுவார்கள். அடிமை போட்டிருந்ததும் எஜமான் போட்டிருந்ததும் கரையில் கிடக்கும். இருவருக்கும் ஒரே வெள்ளை. அடுத்த வசனம் அதைத்தான் சொல்கிறது: "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை." கிறிஸ்தவன் யார் என்பதற்கு இதுதான் முதல் விளக்கம். குலம், மொழி, பாலினம் என்று எதையும் கழற்றிப் போட்டுவிட முடியாது என்பது பவுலுக்கும் தெரியும். ஆனால் இனி ஒருவரை அடையாளம் காண அவை போதாது என்கிறார்.

நம் ஊரில் இது எப்படி வந்து சேர்ந்தது என்பது உங்கள் அம்மாவின் பயத்தோடு நேரே தொடர்புள்ள கதை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முத்துக்குளித்துறைப் பரவர்கள் 1535 தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பில் எதிரிகளின் நெருக்கடி தாங்காமல் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கொச்சிக்குப் போனவர்கள் அவர்கள். வகுப்பும் இல்லை, போதனையும் இல்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து "நீங்கள் என்ன விசுவாசிக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களால் வேறு பதில் சொல்ல முடியவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்புறம்தான் அவர் ஆள் வைத்து ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, மணி அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகிறது என்றும் எழுதினார். அரசியலுக்காக எடுத்த ஞானஸ்நானம் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் தூத்துக்குடிக் கடற்கரையில் கிட்டத்தட்ட 500 வருஷமாக அந்த விசுவாசம் நிற்கிறது. முதலில் சொந்தம் வந்தது, அறிவு பின்னால் வந்தது. குழந்தை வளர்வதும் அப்படித்தானே.

ஆனால் அதே காலத்தில் ஒரு சிக்கலும் புகுந்தது. போர்ச்சுக்கீசியரைப் பரங்கி என்றார்கள். மதுரையில் அப்போதிருந்த குருவானவர், ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களிடம் "பரங்கி குலத்தில் சேர விரும்புகிறாயா?" என்று கேட்பது வழக்கமாக இருந்ததாம். கிறிஸ்தவனாக விரும்புகிறாயா என்ற கேள்வியைத் துபாஷிகள், அதாவது மொழிபெயர்ப்பாளர்கள், அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். இத்தாலியச் சேசு சபைக் குருவான ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து இதைக் கேட்டு அதிர்ந்துபோனார். கிறிஸ்துவிடம் வருவதற்கும் இன்னொரு குலத்துக்குள் போவதற்கும் என்ன சம்பந்தம்? தன்னிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமியையும் பூணூலையும் வைத்துக்கொள்ள அவர் அனுமதித்தார். பெரிய சண்டை நடந்து, 1623இல் போப்பாண்டவர் 15ஆம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார். நோபிலியின் வழி சாதியைச் சபைக்குள் அப்படியே விட்டுவைத்தது என்பது என் வருத்தம். ஆனாலும் "பரங்கி குலத்தில் சேருகிறாயா" என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டதற்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். உங்கள் அம்மா உங்களிடம் சொல்லாமல் பயப்படும் கேள்வி அதுதான்: என் மகள் வேறு குலத்துக்குப் போய்விடுவாளா? 1600களில் தப்பாகத் தமிழாக்கிய ஒரு வாக்கியம் இன்னும் நம் வீடுகளில் புழங்குகிறது.

இன்னொரு சின்ன விஷயம். லத்தீன் முறைமையில் குருவானவர் தன் எச்சிலை விரலில் தொட்டு, ஞானஸ்நானம் பெறுகிறவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். இயேசு செவிடனைக் குணமாக்கினதை நினைத்துச் செய்வது. நம் ஊரில் எச்சில் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சேசு சபைக் குருக்கள் அதை விட்டுவிட்டுத்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தெ தூர்னோன், எச்சில் வைக்காமல் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்று 1704இல் ஆணை போட்டார். அதைப் பற்றிய வழக்கு ரோமில் 40 வருஷம் இழுத்தது. எது ஞானஸ்நானம், எது அதைக் கொண்டுவந்தவர்களின் பழக்கம் என்று பிரிப்பதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. தண்ணீர், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமம், கொடுக்க ஒரு கை. இவ்வளவுதான் ஞானஸ்நானம். பெயர் மாற்றுவது, பொட்டை அழிப்பது, தாலியைக் கழற்றுவது, பூ வைக்காமலிருப்பது, இதெல்லாம் அதில் சேர்த்தி இல்லை. கிறிஸ்தவக் கம்பன் என்று நாம் கொண்டாடும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்று முன்னால் சேர்த்துக்கொண்டார். கிருஷ்ணன் என்ற பெயரை விடவில்லை. வைணவ வீட்டில் பெற்ற கம்பராமாயணப் பயிற்சியையும் விடவில்லை, அந்த நடையில்தான் கிறிஸ்துவைப் பாடினார்.

எங்கள் திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே ஒரு ஞானஸ்நான மறுப்புதான் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு மராட்டியப் பிராமண விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்துவந்தார். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். அந்த வாழ்க்கை நிலையைக் காரணம் காட்டி அவர் கொடுக்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் சபையை விட்டு ஓடவில்லை. தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல் சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயர். 1780இல் பாளையங்கோட்டைச் சபைக்கு முதல் பதிவேடு எழுதியபோது அதில் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா. 1785இல் அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஊர் இன்றும் சொல்கிறது. தட்டு உங்களைத் தாண்டிப் போனதை நினைத்து அழுதபோது இவரை யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, நம் சபை அந்தத் தண்ணீருக்குச் செய்த துரோகத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடம் நேர்மையாக இல்லை என்றாகும்.

வடக்கன்குளத்தில் 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் அரசில் பணியிலிருந்த நீலகண்டபிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார், சேர்ந்து சாப்பிட்டார். சிறை, அடி, ஊர் ஊராக எருமைமேல் ஏற்றி ஊர்வலம் என்று பட்டு, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த கோயிலில் இரண்டு தனித்தனி நீள்கூடங்கள். வேளாளருக்கு ஒன்று, நாடார் முதலானோருக்கு ஒன்று. இரண்டும் பீடத்தில் மட்டும் சேரும். 1910இல்தான் கௌசானல் சுவாமி அந்தத் தடுப்பை இடித்தார். தடுப்பு வேண்டும் என்றவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் பிரித்து வைக்கிற சுவர் இன்றும் பேசப்படுகிறது. 2022 மே 15 அன்று தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, "பிள்ளை" என்ற சாதிப் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று கேட்டவர்களின் முறையீட்டை வாத்திக்கன் ஏற்று அதை விட்டுவிட்டது. ஞானஸ்நானம் பெற்று 277 வருஷம் கழித்து! எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

என் கண்முன் நடந்ததும் ஒன்று உண்டு. ஊரைச் சொல்லவில்லை. ஒரு சபையில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஒரு குடும்பம் முதல் ஞாயிறு முன்வரிசையில் போய் உட்கார்ந்தது. மூப்பர் ஒருவர் வந்து மெதுவாக, ரொம்ப மரியாதையாக, "பின்னால இடம் இருக்கு" என்றார். அந்த அப்பா எழுந்து, மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். உட்காரக்கூட இல்லை. அடுத்த வாரம் வரவில்லை. அவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான். எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டேன். ஞானஸ்நானம் யாரையோ மாற்றுகிறது என்று நாம் எப்போதும் புதிதாக வருகிறவரைக் காட்டியே பேசுகிறோம். "சகோதரனாகிய சவுலே" என்று சொல்லவேண்டிய அனனியாதான் அன்று வரவில்லை.

இப்படிப்பட்ட சபைக்குள் வராமலே கிறிஸ்துவை விசுவாசிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், நீங்கள் முதல் ஆளும் இல்லை. 1900களின் தொடக்கத்தில் சிவகாசியில் மிஷன் ஆசிரியை ஒருவரிடம் படித்த நாடார் வீட்டுப் பெண்கள், ஞானஸ்நானம் இல்லாமலே, வீட்டுக்குள் இரகசியமாக இயேசுவை வழிபட்டு வந்தார்கள். சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர், சபையில் சேராத இயேசு பக்தர்களைத் தமிழ்நாட்டில் தேடிப் பார்த்து விரிவாக ஆய்வு செய்தார். இறையியலாளர் எம்.எம். தாமஸ் 1970களில் கேட்டார்: ஞானஸ்நானம் என்பது ஒரு சமூகத்திலிருந்து இன்னொரு சமூகத்துக்கு ஆள் மாற்றும் சீட்டாகிவிட்டதென்றால், இந்துச் சமூகத்துக்குள் இருந்துகொண்டே கிறிஸ்துவில் கூடும் கூட்டம் ஏன் இருக்கக் கூடாது? தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பேராயர்களில் ஒருவரும், மதுரையிலும் பிறகு சென்னையிலும் இருந்தவருமான லெஸ்லி நியூபிகின் அதற்குப் பதில் சொன்னார்: கண்ணால் காணக்கூடிய, கையால் தொடக்கூடிய ஒரு கூட்டம் இல்லாமல் விசுவாசம் வெறும் எண்ணமாகத்தான் நிற்கும், மனுஷன் எங்கேயாவது ஒரு சமூகத்தில் இருந்துதான் ஆகவேண்டும்.

நான் நியூபிகின் பக்கம். காரணம் புத்தகம் இல்லை. இரகசியமாக விசுவாசிக்கிற பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். உடம்பு சரியில்லை என்றால் ஜெபிக்க யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாது. பிள்ளைக்குச் சொல்லித்தர முடியாது. கடைசியில், எப்படி அடக்கம் செய்யவேண்டும் என்று அவர்கள் மனசில் வைத்திருந்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அவர்கள் விசுவாசத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தத் தனிமை உங்களுக்கு வேண்டாம் என்று மட்டும் ஆசைப்படுகிறேன். தாமஸ் சொன்னதில் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. ஞானஸ்நானம் உங்கள் வீட்டை விட்டு வெளியேறும் ராஜினாமாக் கடிதமாக ஆகிவிடக் கூடாது.

சட்டம் பற்றியும் தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள். ஆவிக்குரிய காரியத்தில் எதற்குச் சட்டம் என்று சிலர் சொல்வார்கள், வேதனைப்பட்டு நிற்கப்போவது அவர்கள் இல்லை. 1950ஆம் வருஷத்து அட்டவணைச் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) மட்டுமே பட்டியல் சாதியாகக் கருதப்படுவார்கள். உங்கள் குடும்பம் பட்டியல் சாதியைச் சேர்ந்தது என்றால், ஞானஸ்நானத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில்தான் வருவீர்கள். 2024 நவம்பர் 26 அன்று, ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர், வேலைக்காக இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டதை உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சபைப் பதிவேட்டில் எழுதும் வரி அந்த அளவுக்குச் செல்லும். இந்த ஆணை நியாயம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் தொட்டதும் சேரியும் தீண்டாமையும் மறைந்துவிடுவதில்லை. ஆனால் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது. சொத்து விஷயத்தில், மதம் மாறியதால் உங்கள் பங்கு போகாது. 1850ஆம் வருஷச் சட்டம் தொட்டே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. மாறிய பிறகு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் இந்துவாக இல்லாவிட்டால், உங்கள் இந்து உறவினரின் சொத்தில் வாரிசாக வரமுடியாது.

இனி உங்கள் தோழி. குழந்தை ஞானஸ்நானமா, வளர்ந்தவர் ஞானஸ்நானமா என்ற சண்டையில் இரத்தம் சிந்தியிருக்கிறது. 1525 ஜனவரியில் சூரிக் நகரில் சிலர் கூடி, குழந்தையில் பெற்றது போதாது என்று ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை 1527இல் அதே நகரத்தார் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். இரண்டு பக்கமும் விசுவாசத்தைப் பெரிதாக மதித்தவர்கள்தான். விசுவாசித்துத் தானே வாய்திறந்து கேட்டவருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்பதில் பலம் இருக்கிறது. எத்தியோப்பிய மந்திரி "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று தானே கேட்டார். பிலிப்பி நகரச் சிறைக்காரன் தன்னுடையவர்கள் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றான் என்பதையும் தள்ள முடியாது. 1970இல் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபை வளர்ந்தவருக்கே கொடுக்கும் பாப்டிஸ்டுகளையும் குழந்தைக்கும் கொடுக்கும் ஆங்கிலிக்கன்களையும் சேர்த்து, இரண்டு முறையையும் ஒரே கூரைக்குள் வைத்துக்கொண்டது. முடியாத காரியம் இல்லை.

மறுபடி எடுப்பது பற்றி என் கருத்து: வேண்டாம். ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்ற பிரிவினர், துன்புறுத்தலில் விசுவாசத்தில் தவறிய ஆயர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்றபோது, பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துதான் என்று அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் பதில் சொன்னார். கொடுத்த கையின் தகுதியையும், பெற்ற நாளில் நமக்கு இருந்த உணர்வையும் வைத்து அளக்கத் தொடங்கினால் எந்த ஞானஸ்நானமும் நிற்காது. இருபது வயதில் முழுக்கு எடுத்தவருக்கு நாற்பதில் "அன்றைக்கு எனக்கு என்ன புரிந்தது?" என்று தோன்றத்தான் செய்யும். கங்கையில் எத்தனை முறை வேண்டுமானாலும் முங்கலாம், அந்த ஸ்நானம் அப்படிப்பட்டது. இது பிறப்பு போல, ஒரு முறைதான். அதனால்தான் கத்தோலிக்கத் திருச்சபைகூட, தென்னிந்தியத் திருச்சபையில் திரியேக நாமத்தில் பெற்றவர் வந்தால் மறுபடி திருமுழுக்கு கொடுப்பதில்லை. உங்கள் தோழிக்குத் தன் விசுவாசத்தைச் சபைமுன் சொல்ல ஆசை இருந்தால் சாட்சி சொல்லட்டும். அவர் குழந்தையாக இருந்தபோது தூக்கிக்கொண்டு போய் நின்ற அம்மா அப்பாவின் ஜெபத்தைச் செல்லாக்காசு என்று சொல்லவேண்டாம்.

உங்களுக்கு: எடுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம், அம்மாவுக்குத் தெரியாமலும் வேண்டாம். முதலில் உங்கள் ஆயரிடம் போய், அப்பம் தாண்டிப் போனது வலித்தது என்று சொல்லுங்கள். வகுப்பு எத்தனை மாதம், யார் எடுப்பார், அன்றைக்கு என் பக்கத்தில் நிற்கப்போவது யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத சபையானால் கொஞ்சம் பொறுங்கள், அல்லது பதில் இருக்கிற சபையைத் தேடுங்கள்.

சில வருஷத்துக்கு முன் தாமிரபரணியில் ஒரு ஞானஸ்நானம். விடியற்காலை, வைகாசி மாதம், தண்ணீர் இடுப்பளவு. பெற்றவர் எழுபது வயதை நெருங்கும் ஒரு அம்மா. வகுப்பில் ஒரு வசனமும் மனப்பாடம் வராது, "எனக்கு அவரைத் தெரியும் ஐயா, அது போதாதா" என்பார். சேலையைப் பின் குத்தி இறுக்கிவிட்டு, இரண்டு பெண்கள் கையைப் பிடித்து இறக்கினார்கள். பாசிக் கல்லில் கால் வழுக்கியது. ஆயர் அவர் முதுகில் ஒரு கை கொடுத்து, நெஞ்சில் கூப்பிய கைகளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, நாமம் சொல்லிப் பின்பக்கமாக முக்கி எடுத்தார். எழுந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது, கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டித் துழாவினார். கரையில் அவருடைய மருமகள் நின்றிருந்தாள். நெற்றியில் குங்குமம், ஆலயத்துக்குள் ஒருநாளும் வராதவள், மூன்று மாதம் மாமியாரோடு பேசாமலிருந்தவள். அவள்தான் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிப் போய், "இங்க இருக்கேன் அத்தை" என்று கையைப் பிடித்து, துண்டால் தலையைத் துவட்டிவிட்டாள்.

உங்கள் அம்மாவையும் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்பார், அழுவார், அப்படியும் கூப்பிடுங்கள். தேதி, இடம், நேரம் மூன்றையும் சொல்லிவிட்டு வாருங்கள்.